10 நாளாகச் சிகரெட் இல்லை, கூடப் பேச ஆளும் இல்லை. நிறுத்திக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வைகைக்கரை | ஜூன் 10, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது. மதுரையில் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். 20 வருடமாகச் சிகரெட், ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. மே கடைசியில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கு 46தான் ஆகிறது. ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தபோது டாக்டர் என் சட்டைப் பையைப் பார்த்தார். "நீங்களுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஜூன் 1 காலையிலிருந்து நான் தொடவில்லை.

முதல் நான்கு நாள் பட்ட பாடு, பட்டவர்களுக்குத் தெரியும். தலை கனம், தூக்கமில்லை, யார் வாயைத் திறந்தாலும் எரிச்சல். அது குறைந்துவிட்டது. குறையாதது காலை 11 மணி டீயும் மாலை 4 மணி டீயும். கடையிலிருந்து நான்கு பேர் சேர்ந்து போவோம், 12 வருடப் பழக்கம். டீயை வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றில் பற்ற வைத்து, அந்தப் பத்து நிமிடத்தில்தான் வீட்டுக் கதை, கடன் கதை எல்லாம் பேசுவோம். இப்போது போகாமல் இருந்தால் கடையில் நான் மட்டும் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறேன். போனால் "ஒண்ணே ஒண்ணு அடி, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்க என்னோடு இருந்தவர்கள் அவர்கள்தான்.

மனைவிக்குச் சந்தோஷம். ஆனால் சாயங்காலம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் "அதான் விட்டாச்சே, அப்புறம் என்ன?" என்கிறாள். எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. மூன்று முறை சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். மூன்று முறையும் 41 நாள் ஒரு சிகரெட்கூட இல்லை, பெரிய சிரமமும் இல்லை. மூன்று முறையும் மாலை கழற்றிய அன்று இரவே பற்ற வைத்தேன். அப்போது முடிந்தது இப்போது ஏன் இப்படிப் படுத்துகிறது? யாராவது பேசுங்கள்.

---

இரவுப்பணி | ஜூன் 10, இரவு 11.15

அண்ணே, ஓசூரிலிருந்து எழுதுகிறேன். நான் நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. பத்து நாள் என்பது பெரிய தூரம். உடம்பிலிருந்து நிகோடின் போய்விட்டது. முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், அதைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது படுத்துவது நேரமும் இடமும்தான். 11 மணி என்றால் கை தானாகப் பையைத் தேடும்.

எனக்கு உதவியது ஒரே ஒரு ஏற்பாடு. என் லைனில் வேலை பார்த்த ஒருவரும் நானும் ஒரே நாளில் நிறுத்தினோம். பற்ற வைக்கத் தோன்றினால் முதலில் போன் அடிக்க வேண்டும், பேசி முடித்த பிறகும் வேண்டும் என்றால் அடித்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் ஒப்பந்தம். அந்தத் தவிப்பு வந்தால் பெரும்பாலும் மூன்று, ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும். போனில் என்ன பேசினோம் என்பதே முக்கியமில்லை. சில நாள் அவர் "சாப்பிட்டியா?" என்பார், நான் "இல்லை" என்பேன், அதற்குள் தவிப்பு இறங்கியிருக்கும்.

டீ விஷயத்தில் ஒரு தகவல். புகை பிடிப்பவர் உடம்பு காஃபினை வேகமாகக் கரைத்துவிடும். நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடுகிறது. நீங்கள் முன்பு போலவே அதே அளவு டீ குடித்தால் உடம்பில் தங்கும் காஃபின் முன்பைவிட அதிகம். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாவற்றையும் நாம் சிகரெட் இல்லாததால் என்று நினைத்துக்கொள்கிறோம், அதில் கொஞ்சம் டீயாலும் வரலாம். டீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். நான் எலுமிச்சை ஜூஸுக்கு மாறினேன்.

---

கரிசல்மண் | ஜூன் 11, காலை 5.50

தம்பி, நான் கோவில்பட்டிப் பக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர். நிறுத்திப் பதினோரு வருடம். சபரிமலை மாலை பற்றிய உங்கள் கேள்வியை இரவு படித்துவிட்டுப் படுத்தேன், விடியும்வரை அதுவே மனதில் ஓடியது, ஏனென்றால் நானும் ஐந்து முறை அப்படித்தான் கழற்றிய அன்றே பற்ற வைத்தேன்.

மாலை போட்ட அன்று என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். கறுப்பு வேட்டியும் கழுத்து மாலையும் பார்த்ததுமே ஊருக்கே தெரிந்துவிடுகிறது. நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். தினமும் சிகரெட் நீட்டுகிற அதே டீக்கடைக்காரர் "சாமி, பால் தரவா?" என்கிறார். உங்கள் நான்கு நண்பர்களும் அந்த 41 நாள் உங்கள் முன்னால் பற்ற வைக்கவே கூச்சப்பட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள். நீட்டுவது பாவம் என்று அவர்களே நினைப்பார்கள். அப்புறம் சாயங்காலம். சிகரெட் அதிகம் கேட்கிற அந்த நேரத்தில் உங்களுக்குக் குளியல் இருக்கிறது, சரணம் இருக்கிறது, பஜனைக்குப் போக வேண்டியிருக்கிறது. வாய்க்கும் வேலை, கைக்கும் வேலை. கன்னிசாமி ஒருவர் சோர்ந்தால் குருசாமி வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். உங்களைப் போலவே விரதம் இருக்கிற பத்துப் பேர் அதே தெருவில் இருக்கிறார்கள்.

பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் அது உண்டு. ஆனால் பக்தி மாலையைக் கழற்றிய பிறகும் மனதில் இருக்கத்தானே செய்கிறது? அது இருந்தும் அன்றிரவே பற்ற வைத்தோம். போனது சுற்றியிருந்த மனிதர்கள். மறுநாளிலிருந்து டீக்கடைக்காரர் உங்களைச் "சாமி" என்று கூப்பிடுவதில்லை. பத்துப் பேரும் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாம் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது.

இப்போது நீங்கள் மாலை இல்லாமல், சொல்லாமல், தனியாக விரதம் இருக்கிறீர்கள். அதனால்தான் கனக்கிறது. முதலில் ஊருக்குச் சொல்லுங்கள். டீக்கடைக்காரரிடம் நேரே போய், "அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டது, நான் விட்டுவிட்டேன், நான் கேட்டாலும் தராதீர்கள்" என்று சொல்லுங்கள். நான் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் சொன்னேன். ஒருநாள் நான் காசை நீட்டியபோது அந்த மனிதர் கடலை மிட்டாயை எடுத்துக் கையில் வைத்தார். அவருக்கு அதில் நஷ்டம்தான். இன்றைக்கும் அவர் கடையில்தான் நான் சாமான் வாங்குகிறேன்.

---

மன_உறுதி | ஜூன் 11, காலை 8.30

மன்னிக்கவும், எனக்குச் சரியாகப் படவில்லை. நான் 2015இல் யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் விட்டேன். துணை தேடினால் துணை இல்லாத நாளில் விழுந்துவிடுவோம். மனதில் உறுதி இருந்தால் டீக்கடையில் நடுவில் நின்றாலும் ஒன்றும் செய்யாது.

---

தாமிரபரணி | ஜூன் 11, மதியம் 1.20

மன_உறுதி சொல்வதையும் தள்ள முடியவில்லை, கொஞ்சம் பெரிதாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் மேலப்பாளையம். அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் முறம், அதில் இலையும் தூளும், சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசனையே அதுதான். 15 வயதில் முறத்திலிருந்தே எடுத்துப் பற்ற வைத்தேன். பீடி இலையில் சுற்றியது, இயற்கை, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். அது பொய். அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும், அதனால் புகை இன்னும் உள்ளேதான் போகும்.

வைகைக்கரை மாலையைப் பற்றிச் சொன்னதை நான் நோன்பில் பார்த்திருக்கிறேன். பகல் முழுவதும் ஒன்றும் தோன்றாது, ஊரே பீடி பிடிக்காமல் இருக்கிறது. நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடித்ததும் பத்துப் பேர் தெருமுனையில் நிற்போம். ஒரு பெருநாள் காலையில் நானும் என் சேக்காளி ஒருவனும் பேசி வைத்துக்கொண்டு அப்படியே நிறுத்தினோம். இரவுப்பணி எழுதியது போலத்தான், போன், பேச்சு, ஒருவனுக்கொருவன் காவல். நன்றாகத்தான் போனது.

நான்காவது மாதம் அவன் விழுந்துவிட்டான். தொழிலில் நஷ்டம். என்னிடம் சொல்லவில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. ஒருநாள் பாலத்தடியில் அவனைக் கையில் பீடியோடு பார்த்தேன். அந்த நிமிடம் எனக்குக் கோபம் வரவில்லை, "அவனே பிடிக்கிறான், நமக்கு மட்டும் என்ன?" என்ற எண்ணம்தான் வந்தது. அவ்வளவு பக்கத்தில் போனேன். அன்று என்னைத் தடுத்தது என் மாமா. அவர் பழைய பீடிக்காரர், நிறுத்தியவர். அவர் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன், துணை வேண்டும், ஆனால் ஒரே ஒருவரை நம்பி இருக்காதீர்கள். ஏற்கெனவே கடந்து போனவர் ஒருவர், கூடவே நடக்கிறவர் ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கூட நடக்கிறவர் நம் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வார். ஆனால் அவரும் அதே வழுக்குப் பாறையில் நிற்கிறார்.

என் சேக்காளி இப்போது மறுபடி முயற்சி செய்கிறான். நான் அவனை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டான்.

---

மொட்டைமாடி | ஜூன் 11, இரவு 10.05

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் பெண். சென்னை, ஐ.டி. வேலை. எட்டு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு சிகரெட். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் எல்லோரும் ஊருக்குச் சொல்லுங்கள் என்கிறீர்கள். பிடிக்கிறேன் என்றே சொல்ல முடியாத நான், விட்டுவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? டீக்கடைக்காரர் என்னைச் "சாமி" என்று கூப்பிடப் போவதில்லை. ஆணுக்குச் சிகரெட் ஒரு கெட்ட பழக்கம், எனக்கு அது நடத்தைச் சான்றிதழ். ஒரு மருத்துவரிடம் உதவி கேட்டேன், முதல் கேள்வியே "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்பதுதான். அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஏற்கெனவே நான்கு முறை தனியாக முயன்று நான்கு முறையும் மூன்றாம் நாள் விழுந்தேன், மொட்டைமாடியில், தனியாக.

போன மாதம் சிகரெட் அட்டையில் அச்சிட்டிருக்கிற, புகையிலையை விட உதவும் 1800-11-2356 எண்ணுக்குக் கூப்பிட்டேன். காசு இல்லை. தமிழில் பேசினார்கள். எத்தனை வருடம், எப்போது முதல் சிகரெட், எது தூண்டுகிறது என்று கேட்டார்கள், யார் என்று துருவவில்லை. நிறுத்தும் தேதியை நானே சொல்லச் சொன்னார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு மனிதக் குரல் "நேற்று எப்படி இருந்தது?" என்று கேட்டதும் அழுதுவிட்டேன். இன்று 16ஆம் நாள். எனக்கு நண்பர்களிடமிருந்து கிடைக்க வேண்டியது முகம் தெரியாத ஒருவரிடமிருந்துதான் கிடைத்தது.

ஆனால் அவர்கள் தினமும் கூப்பிட முடியாது. என்னைப் போல வேறு பெண் யாராவது இங்கே இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.

---

கரிசல்மண் | ஜூன் 12, காலை 6.10

அம்மா, "ஊருக்குச் சொல்லுங்கள்" என்று எழுதியபோது என் மனதில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். அது என் குறை. நீங்கள் எழுதியது எனக்குப் பாடம். 16 நாளை நீங்கள் கடந்தது எங்களைவிடக் கடினமான பாதையில்.

---

எண்ணும்_எழுத்தும் | ஜூன் 12, காலை 11.45

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். இந்த இழையில் எழுதப்பட்டிருக்கும் பலவற்றுக்கு ஆய்வு உண்டு, அதனால் நுழைகிறேன்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் பல தலைமுறையாக மக்களின் இதய நலனைப் பின்தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் இருவரும் அந்தப் பதிவுகளிலிருந்து 12,067 பேரை எடுத்து, 1971 முதல் 2003 வரை யார் யாருக்கு உறவு, நட்பு, யார் எப்போது சிகரெட்டை விட்டார்கள் என்று பார்த்தார்கள். 2008இல் வெளியானது. கணவனோ மனைவியோ நிறுத்தினால் மற்றவர் புகைபிடிக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் நிறுத்தினால் 36 விழுக்காடு. சின்ன நிறுவனத்தில் கூட வேலை பார்ப்பவர் நிறுத்தினால் 34 விழுக்காடு. ஒருவருக்கொருவர் தெரிந்த கூட்டங்கள் ஏறக்குறைய சேர்ந்தே நிறுத்தியிருந்தன. வைகைக்கரை, உங்கள் நான்கு பேர் குழுவும் சின்ன நிறுவனம்தான். இன்று அவர்கள் உங்களை இழுப்பதாகத் தோன்றுகிறது. நீங்களும் அவர்களை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். "ஒண்ணே ஒண்ணு" என்று வற்புறுத்துபவர் பல நேரம் தானும் விட நினைத்து முடியாதவராக இருப்பார். 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் புகைபிடிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நிறுத்தும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள்.

மன_உறுதிக்கு ஒரு பதில். தனியாக விட்டவர்கள் ஏராளம், உண்மை. ஆனால் முயன்று தோற்றவர்கள் வெளியே சொல்வதில்லை, ஜெயித்தவர்கள் மட்டுமே எழுதுகிறார்கள். ஆய்வுகளில் குழுவாகக் கூடிப் பயிற்சி பெற்றவர்கள், புத்தகம் மட்டும் படித்துத் தாங்களே முயன்றவர்களைவிட அதிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். அதே சமயம், நிறுத்துகிறவரை அவருடைய கணவனோ மனைவியோ எப்படி ஆதரிப்பது என்று பயிற்சி கொடுத்த ஆய்வுகள் பெரிய பலன் காட்டவில்லை. துணை என்றாலே பலன் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிப்பட்ட துணை என்பதில் இருக்கிறது.

மருந்தையும் மறக்காதீர்கள். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் இரண்டில் ஒன்றைவிடப் பலன் அதிகம். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளக் கூடாது. மெதுவாகக் கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி கடிக்க வேண்டும். டீ குடித்தபடியோ குடித்த உடனேயோ போடக் கூடாது, 15 நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் சரியாக உறிஞ்சாது. இது தெரியாமல் விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து பாதியில் விடுகிறவர்களே அதிகம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

நேரில் போக விரும்புபவர்களுக்கு: சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலை நிறுத்த ஆலோசனை நடக்கிறது. பல மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான பிரிவு உண்டு, புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் கேளுங்கள்.

---

செம்பருத்திப்பூ | ஜூன் 13, மாலை 3.30

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் நிறுத்தி ஒரு மாதம். தினமும் அவர் வந்ததும் சட்டையை மோந்து பார்க்கிறேன். "இன்னைக்கு இல்லையே?" என்று கேட்கிறேன். அவர் முகம் சுருங்குவது தெரிகிறது, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். நான் என்ன செய்ய வேண்டும்?

---

இரவுப்பணி | ஜூன் 13, மாலை 5.10

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், "அப்பாவைப் போல உங்களையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று. அது துணை. சட்டையை மோந்து பார்ப்பது சோதனை. நான் விட்ட புதிதில் வீட்டில் அப்படிச் செய்தபோது, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குகிறோம், செய்துவிட்டாவது வாங்கலாமே என்று தோன்றியது உண்டு. "இல்லையே?" என்பதை "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் விழுந்தாலும் உங்களிடம் சொல்ல முடிய வேண்டும்.

இன்னொன்று, முதல் சில வாரம் மலச்சிக்கல், வாய்ப்புண், இருமல், அதிகப் பசி எல்லாம் வரலாம். அவர் எரிந்து விழுந்தால் அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. கொய்யா, கீரை, தண்ணீர் அதிகம் கொடுங்கள். இந்தத் தொல்லைகளுக்கு எனக்கு உதவியவை இவை.

---

ஒட்டகச்சாலை | ஜூன் 13, இரவு 11.50

ஷார்ஜாவிலிருந்து. ஒரே அறையில் ஆறு பேர், ஐந்து பேர் புகைப்பவர்கள். நான் விடும்போது அவர்களை விடச் சொல்லவில்லை. அறைக்குள் மட்டும் வேண்டாம் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். வெளியே வெயிலில் போய் நின்று பிடிக்க வேண்டியிருந்ததால் இரண்டு பேருக்குத் தானாகவே எண்ணிக்கை பாதியானது.

---

வைகைக்கரை | ஜூன் 17, காலை 7.15

எழுதுவதற்கு மனசே வரவில்லை. நேற்று இரவு எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். துக்க வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, விடியும்வரை ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இரவு 2 மணிக்கு ஒருவர் எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்தார். துக்க வீட்டில் வேண்டாம் என்று சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. வாங்கிவிட்டேன். முழுதாகப் பிடித்தேன். தலை சுற்றியது, ருசியாகக்கூட இல்லை.

16 நாள் போய்விட்டது. மனைவிக்குத் தெரியாது. 4 மணிக்கு என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.

---

தாமிரபரணி | ஜூன் 17, காலை 7.32

ஒன்றும் போகவில்லை. கையில் இன்னும் பாக்கெட் இருக்கிறதா?

---

வைகைக்கரை | ஜூன் 17, காலை 7.35

இல்லை. அந்த ஒன்று மட்டும்தான்.

---

தாமிரபரணி | ஜூன் 17, காலை 7.41

அப்படியென்றால் நீங்கள் 20 வருடக்காரர், 16 நாளில் 160க்கு மேல் பிடித்திருக்க வேண்டியவர், ஒன்று பிடித்திருக்கிறீர்கள். வழுக்கினீர்கள், எழுந்து நிற்கிறீர்கள். பழையபடி தொடங்குவது இரண்டாவது சிகரெட்டில்தான் நடக்கும். "இனி என்ன, போய்விட்டதே" என்ற நினைப்பு வரும், அதற்குத்தான் இன்று காவல் வைக்க வேண்டும். என் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

---

மன_உறுதி | ஜூன் 17, காலை 9.00

கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை என்று நான் நினைக்கிறேன். ஆனால் முந்தைய என் பதிவில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நான் தனியாக விட்டேன் என்று சொன்னேன், யோசித்துப் பார்த்தால் அந்த வருடம்தான் வேலை மாறி வேறு ஊருக்குப் போயிருந்தேன். என்னோடு புகைத்த ஒருவர்கூட அங்கே இல்லை. அது எனக்குக் கிடைத்த வசதி. அதை நான் உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

---

கரிசல்மண் | ஜூன் 17, காலை 10.20

மன_உறுதி, இதை எழுத உங்களுக்கு நல்ல மனது வேண்டும். நன்றி.

கணக்கில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஜூன் 1 அப்படியே இருக்கட்டும். விரதத்தில் தெரியாமல் ஒரு தவறு நடந்தால் குருசாமியிடம் சொல்லிக் குளித்துவிட்டுத் தொடர்வோம், யாரும் மாலையைக் கழற்றி எறிவதில்லை. ஒன்றிலிருந்து தொடங்கு என்றால் சோர்ந்த மனிதன் நாளைக்குத் தொடங்கலாம் என்று சொல்லிவிடுவான்.

துக்க வீடு, கல்யாண வீட்டுப் பந்தல், தேர்தல் வேலை, ரயில் நிலைய வாசல். இவை நான்கும் என்னை ஒவ்வொரு முறை விழவைத்தவை. இனிமேல் அப்படி ஓர் இடத்துக்குப் போகும்போது முதலிலேயே ஒருவரிடம் "நான் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று காதில் போட்டு வையுங்கள். மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மறைத்தால் நாளை இன்னொன்றையும் மறைக்கத் தோன்றும்.

---

வைகைக்கரை | ஜூன் 17, இரவு 9.55

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ருசியா இல்லைன்னு சொன்னீங்கள்ல, அது நல்லதுதானே" என்றாள். 4 மணிக்குத் தாமிரபரணி கூப்பிட்டார். 12 நிமிடம் பேசினோம், பெரும்பாலும் அவர் ஊர் ஆற்றைப் பற்றி. டீக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஆனால் டீயை அவரே கடைக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்றார்.

---

மொட்டைமாடி | ஜூன் 24, இரவு 8.20

29ஆம் நாள். இங்கே எழுதியதைப் பார்த்து இரண்டு பெண்கள் தனிச் செய்தி அனுப்பினார்கள். ஒருவர் திருச்சி, கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். இன்னொருவர் என் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடம். மூன்று பேரும் தினமும் இரவு 9 மணிக்கு ஒரு வரி எழுதிக்கொள்கிறோம். "இன்று இல்லை" அல்லது "இன்று ஒன்று". காரணம் கேட்பதில்லை. அறிவுரை கிடையாது. கேட்டால் மட்டும்தான் பேச்சு.

ஒரு நாள் மனது ரொம்பத் தாழ்ந்திருந்தது, சிகரெட்டைத் தாண்டிய சோகம். அதற்கு எங்கள் மூன்று பேர் பேச்சு போதவில்லை. 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, கூப்பிட்டேன். அதற்கும் காசு கிடையாது, தமிழில் பேசலாம். நிறுத்திய பிறகு சோகம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயங்காமல் மருத்துவரிடமோ அங்கேயோ பேசுங்கள்.

---

செம்பருத்திப்பூ | ஜூலை 2, காலை 10.40

சட்டையை மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முதல் மூன்று நாள் கை பரபரத்தது, இவர்கள் படுகிற பாடு கொஞ்சம் புரிந்தது. போன வாரம் அவராகவே வந்து, "நேத்து ஒண்ணு பிடிச்சேன்" என்றார். திட்டவில்லை. எங்கே, யாரோடு என்று கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் ராத்திரி நடந்துவிட்டு வந்தோம்.

---

வைகைக்கரை | ஜூலை 10, இரவு 9.30

நாளை 41. மற்றவர்களுக்கு இது ஒரு எண். எனக்கு நாளை மறுநாளை, அந்த 42ஐ நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. மூன்று முறை விழுந்த நாள் அதுதான்.

கடையில் ஒரு மாற்றம். எங்கள் நான்கு பேரில் ஒருவர் போன திங்களிலிருந்து தானும் விட்டிருக்கிறார். என்னிடம் ஒன்றே ஒன்று அடி என்று அதிகம் வற்புறுத்தியவர் அவர்தான். இப்போது 4 மணிக்கு நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கம் நடந்து இளநீர்க் கடைக்குப் போகிறோம். அவருக்கு மூன்றாம் நாள் கை நடுங்கியது, டீயைக் குறைக்கச் சொன்னேன். அவருக்குச் சொல்ல எனக்கு ஏதோ இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய தெம்பு.

---

கரிசல்மண் | ஜூலை 11, காலை 5.45

42ஆம் நாள் சாயங்காலம் உங்கள் குருசாமியைப் போய்ப் பாருங்கள். விஷயத்தைச் சொல்லுங்கள். கார்த்திகை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

---

இரவுப்பணி | ஜூலை 11, இரவு 10.30

நாளை எனக்கு விடுமுறை. 4 மணிக்குத் தாமிரபரணி, இரவு 9 மணிக்கு நான். 41 கழிந்த அந்த இரவு நேரம்தானே உங்களுக்கு? எத்தனை மணிக்குப் பற்ற வைத்தீர்கள் அப்போதெல்லாம்?

---

வைகைக்கரை | ஜூலை 11, இரவு 10.42

சாப்பிட்டு முடித்து, ஒன்பதரை இருக்கும். வாசல் படியில் உட்கார்ந்து.

---

இரவுப்பணி | ஜூலை 11, இரவு 10.44

சரி. ஒன்பதரைக்கே கூப்பிடுகிறேன். படியில் உட்காராமல் நடந்துகொண்டே பேசுங்கள். எடுக்காவிட்டால் விட மாட்டேன், மறுபடி அடிப்பேன்.